அந்த ஒண்ணு மட்டுமா, எல்லா ரெண்டரையுமா?

"அக்கா, நான் ஒரே ஒரு கதவைத்தான் மாத்தினேன்."

மூன்று வருடம் ஆகிறது. இந்த வாக்கியம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. சொன்ன தம்பி, என்னோடு வேலை பார்க்கும் இளைஞன், பொய் சொல்லவில்லை. அவன் திரையில் தொட்டது ஒரே ஒரு கதவைத்தான். வளைகுடா நாடு ஒன்றில் கட்டப்போகிற ஆறு மாடி மருத்துவமனை அது. அதற்கு பிம் மாடல், அதாவது கட்டடத்தைத் தகவல்களோடு கணினியில் முப்பரிமாணமாக உருவாக்கும் வேலை, செய்துகொண்டிருந்தவர்கள் சென்னையில் நாங்கள். இரண்டாம் மாடியில் ஒரு நோயாளி அறையின் கழிப்பறைக் கதவு 900 மில்லிமீட்டர் அகலம் இருக்கிறது, சக்கர நாற்காலி தாராளமாகப் போய்வர வேண்டும், 1000 ஆக்குங்கள் என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. தம்பி, அதற்கு நாங்கள் பயன்படுத்தும் ரெவிட் என்ற மென்பொருளில் அந்தக் கதவைத் தேர்ந்தெடுத்தான். எடிட் டைப் என்ற பொத்தானை அழுத்தினான். அகலம் என்ற இடத்தில் இருந்த 900ஐ அழித்துவிட்டு 1000 என்று போட்டு ஓகே கொடுத்தான். ஒரு நிமிஷ வேலை. ஆறு மாடியிலும் அதே ரகத்தில் இருந்த 146 கதவுகளும் அந்த நொடியில் நான்கு அங்குலம் அகலமாகிவிட்டன.

யாருக்கும் தெரியவில்லை. தெரியாமல் போனதற்குக் காரணங்கள் உண்டு, அவை ஒவ்வொன்றும் இந்த மென்பொருளின் அடிப்படைச் சொற்களோடு சம்பந்தப்பட்டவை. அந்த ரகத்துக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் '900 × 2100'. அகலத்தை மாற்றினால் பெயர் தானாக மாறாது. பெயர் யாரோ ஒருவர் தட்டச்சு செய்த எழுத்து, அவ்வளவுதான். ஆகவே கதவுப் பட்டியலில் 900 என்றே இருந்தது. கதவுகளின் எண்ணிக்கை மாறவில்லை. டி-03 என்ற குறியும் மாறவில்லை. அன்று சாயங்காலம் அனுப்பிய தளப் படங்களை நான்தான் கடைசியாகப் பார்த்தேன். அவை 1:100 அளவில் அச்சாகிற படங்கள். 100 மில்லிமீட்டர் வித்தியாசம் காகிதத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர். என் கண்ணில் படவில்லை.

மூன்றாம் நாள் மின்சாரப் பிரிவில் மாடல் செய்கிறவர் வந்து கேட்டார்: "சுவிட்ச் பாக்ஸ் எல்லாம் கதவு நிலைக்குள்ள உட்கார்ந்திருக்கு. கதவையெல்லாம் நகர்த்திட்டீங்களா?" அப்புறம்தான் எல்லாம் தெரியவந்தது. அனுப்பிய படங்களைத் திரும்பப் பெற்றோம். இரண்டு இரவு உட்கார்ந்து திருத்தி மறுபடி அனுப்பினோம். அந்தத் தம்பியை யாரும் திட்டவில்லை. ஆனால் அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு, வீட்டில் முதல் ஆளாக கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலைக்கு வந்தவன். "ஒரே ஒரு கதவைத்தான் மாத்தினேன்" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னது சாக்கு இல்லை. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

முழு மதிப்பெண்

என்னைக் குடைந்தது இதுதான். அதற்கு நான்கு மாதம் முன்னால் அவனுக்குப் பயிற்சி கொடுத்தவள் நான். பயிற்சி முடிவில் ஒரு தேர்வு வைப்போம். பத்து அடிப்படைச் சொற்கள்: கேட்டகரி, ஃபேமிலி, டைப், இன்ஸ்டன்ஸ், பாராமீட்டர், லெவல், வியூ, ஹோஸ்ட், ஒர்க்செட், ஷெட்யூல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் விளக்கம் எழுத வேண்டும். அவன் முழு மதிப்பெண் வாங்கியிருந்தான். விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். டைப் என்றால் என்ன, இன்ஸ்டன்ஸ் என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் அழகாக, பிழையில்லாமல் எழுதியிருந்தான். நான் கொடுத்த குறிப்பில் இருந்த வாக்கியங்கள் அப்படியே இருந்தன. நானும் சரி போட்டிருந்தேன்.

யோசிக்க யோசிக்க, அந்தச் சொற்கள் நம் காதில் எப்படி விழுகின்றன என்பதை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை என்பது உறைத்தது. டைப் என்ற சொல்லை நாம் தினமும் தமிழில் புழங்குகிறோம். "அவர் ஒரு டைப்பான ஆளு" என்றால் மற்றவர்களைப் போல இல்லாத, தனி மாதிரியான ஆள். அதாவது நம் பேச்சில் டைப் என்பது தனித்தன்மையைச் சொல்கிற சொல். ரெவிட்டில் நேர் எதிர். அங்கே டைப் என்றால் எல்லோருக்கும் பொதுவானது. எடிட் டைப் என்று திரையில் பார்க்கிற பையனுக்கு 'இந்தக் கதவின் தன்மையை மாற்று' என்று படுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இன்ஸ்டன்ஸ் என்ற சொல்லோ நம் ஊர் காதில் இன்ஸ்டன்ட் காபியாகத்தான் விழும். உடனடி என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ரெவிட்டில் அது, கட்டடத்தில் வைத்த ஒவ்வொரு தனிக் கதவும்.

ஃபேமிலிக்கும் இதே கதிதான். ஒரு வகுப்பில் தூத்துக்குடிப் பெண் ஒருத்தி கேட்டாள்: "ஒரே ரூம்ல இருக்குற கதவு, ஜன்னல், கட்டில் எல்லாம் ஒரு ஃபேமிலியா அக்கா?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் 'இல்லை' என்று சொல்லி விளக்கத்தைத் திரும்ப வாசித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அவள் கேட்டதில் என்ன தவறு? ஒரு கூரைக்குக் கீழே சேர்ந்து வாழ்கிறவர்கள்தானே குடும்பம். ரெவிட் சொல்கிற ஃபேமிலியில் யாரும் சேர்ந்து வாழ்வதில்லை. ஒரே சாயலில், வெவ்வேறு அளவில், கட்டடம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறவர்கள் அவர்கள்.

இந்தச் சொற்கள் கட்டட வேலையில் பிறந்தவையும் அல்ல. ரெவிட்டை உருவாக்கிய லியோனிட் ரைஸும் இர்வின் ஜங்ரைஸும் அதற்கு முன் இயந்திர வடிவமைப்பு மென்பொருளான புரோ இன்ஜினியரில் வேலை பார்த்தவர்கள். 1997இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நிறுவனத்தைத் தொடங்கினார்கள், 2000இல் முதல் பதிப்பு வந்தது, 2002இல் ஆட்டோடெஸ்க் 13.3 கோடி டாலருக்கு வாங்கியது. இயந்திர உதிரிபாக உலகில், ஒரே வடிவத்தில் பல அளவுகளில் வரும் போல்ட்டு, திருகு போன்றவற்றை ஃபேமிலி என்று சேர்த்துச் சொல்வது பழைய வழக்கம். இன்ஸ்டன்ஸ் என்பது நிரலாளர்கள் நாள் முழுக்கப் பேசுகிற சொல். மெக்கானிக்கல் படித்தவருக்கும் நிரல் எழுதுகிறவருக்கும் இந்தப் பெயர்கள் உடனே பிடிபடும். செங்கல், சிமெண்ட், நிலை, வாசல் என்று வளர்ந்தவருக்கு இரண்டு பக்கமும் அந்நியம்.

பட்டறையில்

அந்தச் சம்பவத்துக்கு ஒன்றரை மாதம் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். அப்பா மர ஆசாரி. இப்போது வயதாகிவிட்டது, இழைப்புளியைத் தானே பிடிப்பது குறைந்துவிட்டது. ஆனால் பட்டறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அளவு சொல்வதை விடவில்லை. கூட ஒத்தாசைக்கு இருப்பது அத்தை பேரன். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவன், கை சுத்தம்.

அன்று ஒரு வீட்டுக்கு மொத்தமாகப் பன்னிரண்டு கதவு போய்க்கொண்டிருந்தது. பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அப்பாவின் நோட்டில் அது நான்கே வரி. மூணுக்கேழு ஆறு. ரெண்டரைக்கேழு நாலு. மூணரைக்கேழு இரட்டை ஒண்ணு. சன்ஷேடு பக்கம் தகரக் கதவு ஒண்ணு. சின்ன வயதிலிருந்து நான் கேட்டு வளர்ந்த பேச்சு இது. மூணுக்கேழு என்றால் மூன்றடி அகலம், ஏழடி உயரம். யாரும் அதை விளக்கிச் சொல்வதில்லை. "மூணுக்கேழு ரெண்டு எடு" என்றால் எந்த இரண்டாகவும் இருக்கலாம். மூணுக்கேழு என்பது ஒரு கதவின் பெயர் அல்ல.

அந்த வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. பின்கட்டு பாத்ரூமில் டைல்ஸ் போட்டதில் தரை கொஞ்சம் ஏறிவிட்டதாம். அப்பா போனை வைத்துவிட்டு, "ஏலே, பாத்ரூம் கதவுல அடியில அரை இஞ்ச் குறைச்சிரு" என்றார்.

பையன் ரம்பத்தைத் தொடவில்லை. நிமிர்ந்து பார்த்து, "அந்த ஒண்ணு மட்டுமா தாத்தா, எல்லா ரெண்டரையுமா?" என்று கேட்டான்.

"அந்த ஒண்ணு மட்டும். சாக்கட்டியால பின்கட்டுன்னு எழுதி வச்சுட்டு அப்புறம் இழை."

பையன் நான்கு ரெண்டரைக்கேழில் ஒன்றை இழுத்துத் தனியாகச் சாய்த்தான். சாக்குக்கட்டியால் கொட்டை எழுத்தில் 'பின்கட்டு' என்று எழுதினான். அதன்பின் அடிக்கட்டையில் அரை அங்குலத்துக்குக் கோடு போட்டான். நான் டீ டம்ளரைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றேன். எங்கள் அலுவலகத்தில் முழு மதிப்பெண் வாங்கிய பையன் கேட்காமல் விட்ட கேள்வியை, கம்ப்யூட்டரையே தொடாத இவன் கை தானாக நின்று கேட்கிறது. ஒரு விளக்கமும் மனப்பாடம் செய்யாமல் டைப்புக்கும் இன்ஸ்டன்ஸுக்கும் உள்ள வேறுபாட்டை அவன் ஐந்து சொல்லில் சொல்லிவிட்டான். சாக்கட்டியில் எழுதியதுகூட ரெவிட்டில் இருக்கிறது. மார்க் என்பது அந்த ஒரு கதவுக்கு மட்டுமான குறி. டைப் மார்க் என்பது ரகம் முழுதுக்குமான குறி. டி-03 டைப் மார்க். 'பின்கட்டு' மார்க்.

பையன் மட்டும் கெட்டிக்காரன் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் தம்பியும் கெட்டிக்காரன்தான். பட்டறையில் மரம் வெட்டினால் வெட்டியதுதான், ஒட்ட முடியாது. அதனால் வெட்டுமுன் கேட்கும் பழக்கம் பேச்சிலேயே ஊறியிருக்கிறது. திரையில் வெட்டினால் சத்தம் வருவதில்லை, மரத்தூள் விழுவதில்லை. அங்கே கேள்வியை நாம்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நான் விடையைச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

வகையறா, ரகம், உருப்படி

அதன்பின் என் முதல் நாள் வகுப்பு மாறிவிட்டது. அன்று கம்ப்யூட்டரைத் திறப்பதில்லை. இஸ்திரிக் கடைக்குத் துணி கொடுக்கிறோம். "எத்தனை உருப்படி?" என்று கேட்பார். சட்டையா பேண்ட்டா என்பது அப்புறம், முதலில் எண்ணிக்கை. ஒவ்வொரு உருப்படியும் தனி. ஒரே மாதிரி இரண்டு வெள்ளைச் சட்டை இருந்தாலும் உருப்படி இரண்டு. ஒன்றில் கறை, ஒன்றில் இல்லை. இதுதான் இன்ஸ்டன்ஸ். எனக்குத் தெரிந்து அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. டைப் என்பது ரகம். அரிசிக் கடையில் பொன்னி ஒரு ரகம். "பொன்னி விலை ஏறிடுச்சு" என்றால் கடையில் இருக்கிற எல்லா மூட்டைக்கும் ஏறிவிட்டது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "அந்த மூட்டையில வண்டு இருக்கு" என்றால் அந்த ஒரு மூட்டை. ஃபேமிலிக்கு நான் சொல்வது வகையறா. குடும்பம் என்றால் ஒரு வீட்டில் இருக்கிறவர்கள். வகையறா என்றால் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு வசதியில் இருந்தாலும் ஒரே வழியில் வந்தவர்கள். ஒற்றைக் கதவு ஒரு வகையறா, அதில் 900, 1000, 1200 என்று ரகங்கள், ஒவ்வொரு ரகத்திலும் கட்டடம் முழுக்க உருப்படிகள்.

இந்தச் சொற்களைச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு கேள்வியை எல்லோரையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்கிறேன்: 'நான் இப்போது தொடுவது ரகத்தையா, உருப்படியையா?' எந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ரெவிட்டில் பக்கவாட்டில் தெரியும் பிராப்பர்டீஸ் பலகையில் மாற்றினால் நீங்கள் தேர்ந்தெடுத்த உருப்படி மட்டும் மாறும். எடிட் டைப்புக்குள் போய் மாற்றினால் ரகம் மாறும், அதாவது எல்லா உருப்படிகளும் மாறும். நான் வேலை பார்த்த பதிப்புகளில் அந்தப் பெட்டி 'இதனால் 146 கதவு மாறும், சரியா?' என்று கேட்பதில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டும். கதவின் மேல் வலது பக்கச் சொடுக்கு, அந்த ரகத்தின் எல்லா உருப்படிகளையும் புராஜெக்ட் முழுக்கத் தேர்ந்தெடு என்ற கட்டளை. திரையின் வலது கீழ் மூலையில் ஒரு எண் வரும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு கதவு மட்டும் மாற வேண்டும் என்றால் எடிட் டைப்புக்குள் முதலில் டூப்ளிகேட் கொடுத்து, புது ரகத்துக்குப் புதுப் பெயர் வைத்து, பிறகு அகலத்தை மாற்றுங்கள். கம்ப்யூட்டரைத் திறக்கும் முதல் நாளிலேயே இதை ஐம்பது தடவை செய்ய வைக்கிறேன். கை தானாக நிற்க வேண்டும், பட்டறைப் பையனின் கை நின்றது போல.

இங்கே ஒரு நெளிவு உண்டு, அனுபவம் உள்ளவர்களே சறுக்குவார்கள். எந்த அளவு ரகத்துக்குச் சொந்தம், எந்த அளவு உருப்படிக்குச் சொந்தம் என்பது கட்டடத்தில் எழுதி வைத்திருக்கிற விஷயம் அல்ல. வகையறாவை உருவாக்கியவர் எடுத்த முடிவு. ரெவிட்டோடு வரும் கதவுகளில் அகலமும் உயரமும் ரகத்தைச் சேர்ந்தவை. ஜன்னலின் அடிமட்ட உயரம் உருப்படியைச் சேர்ந்தது, ஏனென்றால் ஒரே ஜன்னலை வரவேற்பறையில் தாழ்த்தியும் கழிப்பறையில் உயர்த்தியும் வைப்போம். ஆனால் வசதிக்காக அகலத்தையே உருப்படியின் கையில் கொடுத்து வகையறா செய்கிறவர்கள் உண்டு. மாடல் செய்யும்போது சுகமாக இருக்கும், இழுத்தால் நீளும். கதவு வாங்கும் நேரத்தில் பட்டியலைத் திறந்தால் 897, 903, 910 என்று அளவுகள் வந்து நிற்கும். எந்த ஆசாரியும் அப்படிக் கதவு செய்து தரமாட்டார். மூணுக்கேழு என்று ஒரு ரகம் இருப்பதே, இழைக்கிறவர் ஒரு தடவை அளவு வைத்து ஆறு செய்வதற்காகத்தான். அதனால் எது ரகத்தில் இருக்க வேண்டும் என்று சந்தேகம் வந்தால், 'இதைக் கடையில் எப்படிச் சொல்லி வாங்குவோம்?' என்று கேட்கச் சொல்கிறேன். பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

கேட்டகரி என்பது இவை எல்லாவற்றுக்கும் மேலே. கதவு, ஜன்னல், சுவர், தூண் என்று ரெவிட்டே முன்கூட்டிப் பிரித்து வைத்த பெட்டிகள். புதிதாக ஒன்று நாம் சேர்க்க முடியாது. எதில் போடுவது என்று தெரியாததை எல்லாம் ஜெனரிக் மாடல்ஸ் என்ற பெட்டியில் போடுவார்கள். இதில் எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. கைப்பிடிச் சுவரையும் கவுன்டரையும் தண்ணீர்த் தொட்டியையும் அதற்குள் போட்டுவிட்டால் படம் அழகாகத்தான் இருக்கும். அளவு எடுக்கப் போகிறவர் தலையில் கை வைப்பார். இங்கே இருப்பது படம் மட்டுமல்ல. எந்தப் பெட்டியில் போட்டீர்கள் என்பதே தகவல்.

ரகம், உருப்படி என்ற பிரிவு ரெவிட்டின் தனிப்பட்ட விருப்பம் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. ஒரு மென்பொருளில் செய்ததை இன்னொன்றில் திறப்பதற்காக உருவான ஐஎஃப்சி என்ற பொது வடிவத்திலும் அதே பிரிவு இருக்கிறது. 2013இல் அது ஐஎஸ்ஓ 16739 என்ற எண்ணில் உலகத் தரமானது. அதில் ஐஎஃப்சி டோர் என்பது சுவரில் நிற்கும் ஒரு கதவு. ஐஎஃப்சி டோர் டைப் என்பது அதன் ரகம். இரண்டும் தனித்தனிப் பதிவுகள், இரண்டையும் இணைக்க ஓர் உறவு தனியாக. ஒவ்வொரு கதவுக்கும் 22 எழுத்தில் யாருக்கும் இல்லாத ஓர் அடையாளம். எங்கள் துறையில் மென்பொருள் மாறும், பெயர்கள் மாறும். ஆர்க்கிகேட் என்ற இன்னொரு பிம் மென்பொருளில் ஃபேமிலி என்ற சொல்லே கிடையாது. ஆனால் 'அந்த ஒண்ணு மட்டுமா, எல்லாமா' என்ற கேள்வி எங்கு போனாலும் காத்திருக்கும்.

படத்தில் அழித்தால் கட்டடத்தில் அழிகிறது

மற்றச் சொற்களில் இரண்டை மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவற்றிலும் இதே போல அடிபட்டிருக்கிறோம்.

ஒன்று வியூ. கணினியில் கோடு கோடாகப் படம் வரையும் ஆட்டோகேடில் பழகியவர்களுக்கு ஒவ்வொரு படமும் தனி. தளப் படத்தில் ஒரு கோட்டை அழித்தால், கட்டடத்தை நறுக்கிக் காட்டும் வெட்டுத்தோற்றத்தில் அது அப்படியே இருக்கும். ரெவிட்டில் வெட்டுத்தோற்றத்தில் 'இந்தப் படத்துக்கு இந்த உத்தரம் தேவையில்லை' என்று டெலீட் கொடுத்தால், உத்தரமே போய்விட்டது. மறைப்பது வேறு, அழிப்பது வேறு. நான் வகுப்பில் சொல்வது: வியூ என்பது ஜன்னல். ஜன்னல் வழியாகக் கை நீட்டி மரக்கிளையை ஒடித்தால் மாடியிலிருந்து பார்த்தாலும் கிளை இருக்காது. இந்த யோசனை ரெவிட்டைவிட மிகப் பழையது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லஸ் ஈஸ்ட்மன் 1975இலேயே எழுதிவிட்டார்: ஒரே சுவரைத் தளப் படத்திலும் முகப்பிலும் வெட்டிலும் திரும்பத் திரும்ப வரைகிறோம், ஒரு மாற்றம் வந்தால் ஒவ்வொன்றிலும் திருத்துகிறோம், அதற்குப் பதிலாகக் கட்டடத்தை ஒரு தடவை கணினியில் விவரித்து வைத்துவிட்டுப் படங்களை அதிலிருந்து எடுக்கலாம் என்று. ரெவிட் என்ற பெயரே 'ரிவைஸ் இட்', அதாவது திருத்து என்பதிலிருந்து வந்தது. ஒரு இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும் என்ற வரம் அது. அந்த வரம்தான் எங்கள் 146 கதவுகளையும் அகலமாக்கியது.

இன்னொன்று லெவல். மாடி என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். முகப்புப் படத்தில் சும்மா கிடக்கிற கோடு என்று நினைத்து ஒருவர் அழித்துவிட்டார். அந்த மட்டத்தை நம்பி நின்ற சுவரும் தரையும் அதோடு போயின. எச்சரிக்கை வந்தது, படிக்காமல் ஓகே கொடுத்திருந்தார். இதை விளக்க நான் மேஸ்திரியிடம் போகிறேன். தரை போடுவதற்கு முன்பே, டியூப்பில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்து, வரப்போகிற தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் எல்லாச் சுவரிலும் நீலம் தோய்த்த நூலை அடித்து ஒரு கோடு போடுவார். சுவிட்ச் பாக்ஸ், ஜன்னல் அடி, கதவு மேல்மட்டம் எல்லாம் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்கப்படும். தரை இன்னும் பிறக்கவில்லை, மட்டம் பிறந்துவிட்டது. சுண்ணாம்பு அடித்து அந்தக் கோட்டை யாராவது மறைத்துவிட்டால் மேஸ்திரி போடும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு லெவல் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் சொல்வதா?

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், மரியாதைக்குரியவர், இதை ஒத்துக்கொள்வதில்லை. "திரையில இருக்குறது இங்கிலீஷ். வாடிக்கையாளர் பேசுறது இங்கிலீஷ். பசங்களுக்கு வகையறா, உருப்படின்னு சொல்லிக் கொடுத்து அனுப்பினா நாளைக்கு மீட்டிங்ல வாய் திறக்க மாட்டாங்க." அவர் பயம் நியாயமானது. நானும் பத்து வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ரெவிட்டின் பொத்தான்களில் தமிழ் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. டைப்பை டைப் என்றும் இன்ஸ்டன்ஸை இன்ஸ்டன்ஸ் என்றும்தான் என் பிள்ளைகள் மீட்டிங்கில் சொல்கிறார்கள். ஆனால் ஒரு பொத்தானின் மேல் விரல் நிற்கும் அந்த அரை நொடியில் மனசுக்குள் கேட்கிற கேள்வி எந்த மொழியில் கேட்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். அந்தக் கேள்வி மனப்பாடம் செய்த மொழியில் வராது. அம்மா இஸ்திரிக் கடையில் எண்ணிக் கொடுத்த மொழியில்தான் வரும். ரகம், உருப்படி என்று யோசித்துவிட்டு டைப், இன்ஸ்டன்ஸ் என்று பேசுவதில் யாருக்கும் சிரமம் இருந்ததாக நான் இதுவரை பார்க்கவில்லை. அந்தத் தூத்துக்குடிப் பெண் இப்போது வகையறாக்கள் செய்து தரும் பிரிவில் இருக்கிறாள். எந்த அளவு ரகத்தில், எந்த அளவு உருப்படியில் என்று அவள் எழுதி வைத்த பட்டியலைத்தான் நாங்கள் எல்லோரும் பயன்படுத்துகிறோம்.

போன வாரம் அந்தத் தம்பி என் மேஜைக்கு வந்தான். வேறு கட்டடம், பள்ளிக்கூடம். மறுபடி ஒரு கதவை அகலப்படுத்தச் சொல்லிக் குறிப்பு வந்திருக்கிறது.

"அக்கா, புது ரகம் ஒண்ணு போட்டிருக்கேன். பேரு 1000 × 2100. ஒரு உருப்படிதான், எண்ணிப் பார்த்துட்டேன்."

"சரி தம்பி, அனுப்பிடு."

அவன் நகரவில்லை. "டூப்ளிகேட் பண்ணினதுல பழைய டைப் மார்க்கும் சேர்ந்து வந்திருக்கு. ரெண்டு ரகத்துக்கும் டி-05ன்னு காட்டுது. இதை டி-05ஏன்னு போடட்டுமா, கடைசி நம்பருக்கு அடுத்த நம்பரைக் கொடுக்கட்டுமா?"

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் திரை முன்னால் உட்கார்ந்தேன். கதவுப் பட்டியலைத் திறந்து, கடைசி நம்பர் என்ன என்று இரண்டு பேருமாகப் பார்த்தோம்.